டியூக்குகளுக்குப் பொட்டு வைத்த ஆயுத பூஜை

மியூசியம் வேலைக்குப் புதுசா வந்திருக்கீங்க. முதல் வாரத்திலேயே கையுறை போடச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. நல்லது, போடுங்க. ஆனா கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கறது எப்படின்னு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. என் சர்வீஸ்ல நான் ரொம்பக் கஷ்டப்பட்டுச் செஞ்ச வேலை அதுதான். அதுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல.

என் பேர் கிரேஸ். ரிட்டயர் ஆகி சிட்லபாக்கத்துல இருக்கேன். சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கப் போவேன். என் வாய்க்குப் பயந்து கூட நடக்கறவங்க ஒவ்வொருத்தரா நேரத்தை மாத்திக்கிட்டாங்க. இப்ப நீங்க மாட்டினீங்க, உட்காருங்க.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம், தாம்பரத்துல ஒரு அறக்கட்டளை நடத்தின சின்ன மியூசியத்துல இருந்தேன். கீழே பஞ்சடைச்ச பறவைங்க, சங்கு, சோழி. மாடியில என் ரூம், அதுல பதக்கங்கள். பதக்கம்னதும் ஓட்டப் பந்தயத்தை நெனைக்காதீங்க. ஐரோப்பாவுல அந்தக் காலத்துப் பிரபுக்களும் சீமாட்டிகளும் தங்களோட முகத்தை வெண்கலத்துல வார்த்து வேண்டியவங்களுக்குக் கொடுப்பாங்க. இன்னிக்கு நாம விசிட்டிங் கார்டு கொடுக்கிறோமே, அந்த மாதிரி. முன்பக்கம் பக்கவாட்டுல பார்த்த முகம், பின்பக்கம் ஒரு சிங்கமோ கோட்டையோ. எங்ககிட்ட இருந்ததெல்லாம் இந்தப் பக்கம் ரொம்ப வருஷம் வைத்தியம் பார்த்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் சேர்த்து வெச்சிருந்தது. ஊருக்குத் திரும்பும்போது சுமக்க முடியாம எங்க அறக்கட்டளைக்குக் கொடுத்துட்டுப் போயிட்டார்.

பார்க்க வர்றவங்க யாருன்னு கேட்டா, மழைக்கு ஒதுங்கறவங்க தான். ஐப்பசியில எங்களுக்கு நல்ல கூட்டம்.

அந்தப் பதக்கங்க எல்லாம் கறுப்பும் பழுப்புமா இருக்கும். அது அழுக்கு இல்ல, அதுதான் அதோட தோல். நூத்துக்கணக்கான வருஷத்துல ஏறின நிறம். உரிச்சுட்டா திரும்ப வராது. இதை நான் வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பேன். எல்லாரும் தலையாட்டுவாங்க, மழை விட்டதும் போயிடுவாங்க.

என் ரூமுக்கு அட்டெண்டர் ஏழுமலை. கோவளம் பக்கத்துல ஒரு குப்பத்துல பொறந்தவன். அப்பா, அண்ணனுங்க எல்லாரும் கடலுக்குப் போறவங்க. இவனுக்குப் படகு கொஞ்சம் ஆடினா போதும், குடலே வாய் வழியா வந்துடும். "வலைய இழுக்கறதா, இவன இழுக்கறதா"ன்னு அண்ணன் வெறுத்துப் போய்க் கரையில எறக்கி விட்டுட்டார். ஊரே சிரிச்சுது. பொண்டாட்டி மீன் கூடை தூக்கிப் பொழைக்க, இவன் பஸ் ஏறித் தாம்பரம் வந்து எங்ககிட்ட சேர்ந்தான். பஸ்லயும் அவனுக்கு ஜன்னலோர சீட்டு தான் வேணும், காரணம் உங்களுக்கே புரியும். பல வருஷமா தற்காலிக வேலை. அந்த தீபாவளிக்கு நிரந்தரம் ஆக்கறதா முடிவாகி, கையெழுத்து மட்டும் பாக்கி இருந்துச்சு.

கையெழுத்துப் போட வேண்டியவர் எங்க செக்ரட்டரி சார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், பெருங்களத்தூர்ல புது ஃபிளாட். கெட்ட மனுஷர்னு சொல்ல மாட்டேன். ஆனா சுத்தம்னு வந்துட்டா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது. கீழே இருந்த பஞ்சடைச்ச ஆந்தைக்கு ஷாம்பூ போட்டு விடலாமான்னு ஒரு தரம் சீரியஸா கேட்டவர்.

அந்த வருஷம் ஐரோப்பாவிலிருந்து இங்க்ரிட்னு ஒரு அம்மா வர்றதா இருந்தது. இந்தப் பதக்க விஷயத்துல அவங்க சொன்னா சொன்னது தான். அவங்க ஊர்ல நடக்கப்போற ஒரு கண்காட்சிக்கு எங்க பதக்கங்களை இரவல் வாங்கலாமான்னு பார்க்க வர்றாங்க. நான் எல்லாத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, மேஜையில பச்சைக் கம்பளித் துணி விரிச்சு, வரிசையா அடுக்கி வெச்சேன். நடுவுல பெரியவர். அவர்தான் எங்க கூட்டத்துலயே பெரிய பதக்கம், ஒரு இத்தாலிய டியூக், ராஜாவுக்கு அடுத்த பிரபு. மூக்கே முகத்துல பாதி. அந்த அம்மா முக்கியமா பார்க்க வந்ததே அவரைத்தான்.

நடுவுல எங்க அக்கா பொண்ணு கல்யாணம், நாகர்கோவில் போகணும். ஏழுமலைகிட்ட சாவியைக் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் இவங்களைப் பத்திரமா பார்த்துக்கோப்பா"ன்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன்.

நான் போனதும் ஆயுத பூஜை வந்துச்சு. லீவு நாளுக்கு முன்னாடியே ஆபீஸ்ல பூஜை போட்டுடறது வழக்கம், உங்களுக்குத் தெரியாததா? டைப்ரைட்டர், ஜெராக்ஸ் மெஷின், வாட்டர் மோட்டார், செக்ரட்டரி சாரோட ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். எங்க ஜெபக் கூட்டத்து அக்காங்க கேட்டா வருத்தப்படுவாங்க, ஆனா அந்தப் பொரிகடலைக்கு நான் எப்பவும் முதல் ஆளா நிப்பேன்.

கல்யாணம் முடிஞ்சு, லீவும் முடிஞ்சு, இங்க்ரிட் அம்மா வர்ற அன்னிக்குக் காலையில நான் மாடி ரூமைத் திறந்தேன். சந்தன வாசனை கமகமன்னு வந்துச்சு. மேஜையைப் பார்த்தேன். ஐரோப்பா மொத்தமும் பொட்டு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

சும்மா கைக்கு வந்தபடி ஏழுமலை வெச்சிருந்தான்னா கூட மனசு ஆறியிருக்கும். யோசிச்சு யோசிச்சு வெச்சிருக்கான். பக்கவாட்டு முகத்துல நெத்தி ஓரமா இல்ல இருக்கும்? அதனால இங்கேர்ந்து பார்த்தா சரியா தெரியணும்னு காதுக்கு மேல வெச்சிருக்கான். போப்புக்கு அடுத்த படியில இருக்கற கார்டினல் ஒருத்தர், துறவி ஆச்சே, அவருக்கு சந்தனம் மட்டும். முக்காடு போட்ட ஒரு விதவைச் சீமாட்டி, அவங்களுக்குக் குங்குமம் இல்ல, விபூதி. குட்டி இளவரசன் ஒருத்தன், கொழுக் மொழுக்னு இருப்பான், அவன் கன்னத்துல மையால திருஷ்டிப் பொட்டு.

"ஏழுமலை, என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"பூஜ மேடம். எங்க வூட்டுல படகு இன்ஜினுக்கு வெச்சா துடுப்புக்கும் வெப்பாங்க. ஒண்ண வுட்டா அது மனசு நோவும். கீழ மோட்டாருக்கெல்லாம் வெச்சுகினு, இவங்கள மட்டும் வுட்டா நல்லாவா கீது? நீங்க தான பத்திரமா பாத்துக்க சொன்னீங்க."

பத்திரமா இருக்கணும்னு தான் வெச்சிருக்கான். எனக்கு சிரிப்பும் வருது, அழுகையும் வருது. அப்பதான் நடுவுல கம்பளித் துணி காலியா இருக்கறது கண்ணுல பட்டுச்சு.

"பெரியவர் எங்கடா?"

"செக்ரட்டரி சார் வூட்டுக்கு எடுத்துனு போயிட்டாரு மேடம். 'ஃபாரின் அம்மா வராங்க, இவரு இன்னாடா இப்டி கரி புடிச்சு கீறாரு'ன்னாரு. நா மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

பொட்டு கூடப் பரவாயில்ல. காஞ்ச குங்குமத்தை மெல்லிய பிரஷ்ஷால பொறுமையா தட்டி எடுத்துடலாம். ஆனா சார் வீட்டு சுத்தம் எனக்குத் தெரியும்.

அவர் வந்தார். கையில மஞ்சப் பை. பைக்குள்ள பூப்போட்ட டவல். மேஜை நடுவுல வெச்சு டவலைப் பிரிச்சார். உள்ளே பெரியவர் குத்துவிளக்கு மாதிரி ஜொலிக்கிறார். மூக்கு மட்டுமே தனியா மின்னுது.

"எப்படி இருந்தவர் எப்படி ஆயிட்டார் பார்த்தீங்களா, கிரேஸ் மேடம்? ஒய்ஃப் புளி போட்டு ஒரு மத்தியானம் பூரா தேய்ச்சா. மத்தவங்களையும் முடிச்சுடலாம், புளி கொண்டு வந்திருக்கேன்."

நான் என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இல்ல. குரல் உயர்ந்தது ஞாபகம் இருக்கு. தோலை உரிச்சுட்டீங்க சார், இது இனிமே ஆயிரம் பூஜை போட்டாலும் திரும்பாதுன்னு சொன்னேன். முதல்ல அவர் நம்பல. அப்புறம் மெல்ல மெல்ல மொகம் வெளுத்துச்சு. நாற்காலியில உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு பேங்க் மூளை வேலை செஞ்சுது.

"ஏழுமலை தானே பூஜை போட்டான்? அவனே புளி போட்டுக் கழுவிட்டான்னு சொல்லிடலாம். பொட்டு வெச்சதுக்கு எப்படியும் அவனை அனுப்பத்தான் போறோம். ஒண்ணோட ஒண்ணா போகட்டும்."

எனக்குக் கோபம் உச்சி மண்டை வரைக்கும் ஏறிடுச்சு. ஏழுமலை கதவுகிட்ட தான் நின்னுக்கிட்டிருந்தான், எல்லாம் காதுல விழுந்துடுச்சு. "அப்ப கடலுக்குத் தான் போவணுமா மேடம்?"னு கேட்டான். கேக்கும்போதே வாயில கையை வெச்சுக்கிட்டான், கடல்னு சொன்னாலே அவனுக்கு வயித்தைப் புரட்டும். யாரும் சிரிக்கல. வேற வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது, கரையில அவனுக்கு இருந்த ஒரே இடம் எங்க மாடி ரூம் தான்.

சார் உடனே அடுத்த வேலையில இறங்கிட்டார். "முதல்ல இந்தப் பொட்டெல்லாத்தையும் ஈரத்துணியால துடைச்சுடுங்க. அந்த அம்மா பார்த்தா மானம் போயிடும்."

இங்கதான் நீங்க கவனிக்கணும். மானம் போறது என் மானம். ரூம் என் பொறுப்பு. உலகம் பூரா பேர் வாங்கின ஒரு அம்மா முன்னாடி, விபூதி வெச்ச சீமாட்டியோட நான் நிக்கணும். என் கையே என் பேச்சைக் கேக்காம துணியைத் தேடுது. துடைச்சிருந்தா குங்குமம் கரைஞ்சு தாடி இடுக்கு, ஜரிகை இடுக்கு எல்லாத்துக்குள்ளயும் இறங்கியிருக்கும். செவப்பு செவப்பா நின்னிருக்கும், ஜென்மத்துக்கும் போயிருக்காது. அது ஒரு பக்கம். இன்னொண்ணு, அந்தப் பொட்டு இருக்கற வரைக்கும் தான் ஏழுமலை என்ன செஞ்சான், என்ன செய்யலன்னு கண்ணால பார்க்க முடியும்.

"யாரும் எதையும் தொடக்கூடாது சார். எப்படி இருக்கோ அப்படியே பார்க்கட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"இருக்கட்டும் சார்."

ஒரு ஸ்டூலை எடுத்து வாசல்ல போட்டு உட்கார்ந்துட்டேன். நான் ஒண்ணும் ஒல்லியானவ இல்ல, என்னைத் தாண்டித்தான் உள்ளே போகணும்.

சீக்கிரம் வந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். இங்க்ரிட் அம்மா லீவுக்கு செங்கல்பட்டுப் பக்கம் கோயில் பார்க்கப் போயிருந்தாங்க. லீவு முடிஞ்சு ஊர்லேர்ந்து திரும்பற அத்தனை பஸ்ஸும் பெருங்களத்தூர்ல மூட்டை முடிச்சோட ஜனத்தை இறக்கிக்கிட்டிருக்கு. அவங்க கார் ஜி.எஸ்.டி. ரோட்டுல நத்தையா ஊருது. "ஊரப்பாக்கம்"னு டிரைவர் போன் பண்ணான். ரொம்ப நேரம் கழிச்சுப் பண்ணான், "இன்னும் ஊரப்பாக்கம் தான் மேடம்."

அது வரைக்கும் சார் என்னைச் சுத்தி சுத்தி வந்தார். முதல்ல மிரட்டல். அப்புறம் காபி. அப்புறம், "ரூம்ல லைட்டை அணைச்சுட்டு கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?" பட்டப்பகல்ல. ஒரு கட்டத்துல பாவமா கூட இருந்துச்சு. "ஒய்ஃப் ஆசையா செஞ்சா மேடம்"னு சொன்னார், அது உண்மை தான். ஆனா ஏழுமலை படியில உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தான், அதுவும் உண்மை தான்.

ஒரு வழியா அந்த அம்மா வந்தாங்க. உயரமா, நரைச்ச தலை, தூசி படிஞ்ச செருப்பு. மேஜைகிட்ட போனாங்க. கண்ணாடி போட்டாங்க. கழட்டித் துடைச்சு மறுபடி போட்டாங்க. பொட்டு வந்த கதையை நான் சொன்னேன், ஆயுத பூஜைன்னா என்ன, யார் வெச்சாங்க, ஏன் வெச்சாங்க, எல்லாம். பூமி பிளந்தா உள்ளே போயிடலாம்னு இருந்துச்சு.

அவங்க குனிஞ்சு ஒவ்வொருத்தரா பார்த்தாங்க. விபூதி ஏன்னு கேட்டாங்க, சொன்னேன். குட்டி இளவரசன் கன்னத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க.

"அழகான குழந்தைக்குக் கண்ணு பட்டுடும்னு வைக்கிறது. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருக்க."

"இவன் சின்ன வயசுலயே போயிட்டான்"னு சொன்னாங்க. "கொஞ்சம் லேட்டா வெச்சிருக்கீங்க."

சொல்லும்போது சிரிச்சாங்க. எனக்கு மூச்சு வந்துச்சு. "காஞ்ச பொடி தானே, பிரஷ் போதும். நல்ல வேளை, யாரும் துடைக்கல"ன்னாங்க. சார் பக்கம் நான் திரும்பிக் கூடப் பார்க்கல. சத்தியமா.

அப்புறம் நடுவுல பெரியவர்கிட்ட வந்தாங்க. சிரிப்பு நின்னுடுச்சு. அவங்க கண்ணு கலங்கிடுச்சு, நான் பார்த்தேன். "இதை யார் செஞ்சது?"

சார் முந்திக்கிட்டார். எங்க அட்டெண்டர் தான், பூஜைன்னு சொல்லிக் கழுவிட்டான், அவனை இன்னியோட அனுப்பறோம்னு நல்ல இங்கிலீஷ்ல சொன்னார். ஏழுமலைக்கு இங்கிலீஷ் தெரியாது. எல்லாரும் அவனைப் பார்க்கறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது.

அந்த அம்மா மேஜையை ஒரு தரம் பார்த்தாங்க. பெரியவரைப் பார்த்தாங்க. என்கிட்ட சொன்னாங்க, "எல்லாருக்கும் வெச்சவர் இவருக்கு மட்டும் ஏன் வைக்கலன்னு அவரைக் கேளுங்க."

கேட்டேன். ஏழுமலை முகம் சுருங்கிடுச்சு. அவன் வாழ்க்கையில யாரும் அவனை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல போல.

"இன்னா மேடம் இப்டி கேக்கறாங்க? பெரியவருக்கு வெக்காம மத்தவங்களுக்கு வெப்பனா? மொத பொட்டே அவருக்குத் தான். சார் வூட்டுல குளிப்பாட்டினாங்கல்ல, அதுல போயிருக்கும்."

யாரையும் காட்டிக் கொடுக்கணும்னு அவன் சொல்லல. பெரியவருக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவன்னு ஒரு வெளியூர் அம்மா நெனச்சுடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்ப என் முறை. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் என்ன சொல்றேனோ அதுதான் அவங்களுக்கு. சார் என்னையே பார்க்கறார், கண்ணாலயே கெஞ்சறார், அதே கண்ணுல கொஞ்சம் மிரட்டலும் இருக்கு. எனக்கும் சம்பளம் அவர் கையெழுத்துல தான் வரும். 'குளிப்பாட்டினாங்க'ங்கற ஒரு வார்த்தையை முழுங்கிட்டா எல்லாரும் நிம்மதியா காபி குடிக்கலாம், ஏழுமலையைத் தவிர.

நான் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னேன். சார் வீட்டுல குளிப்பாட்டினதையும் சேர்த்து. இங்கிலீஷ் பேசினா எனக்கு எப்பவும் நாக்கு தடுக்கும், அன்னிக்குத் தடுக்கல.

சார் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "மை ஒய்ஃப் இஸ் வெரி கிளீன் லேடி"ன்னார்.

"எதுல கழுவினாங்க?"

"புளி"ன்னேன். ரசம் வைக்கிற புளின்னு விளக்கினேன். அந்த அம்மா அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க.

அப்புறம் ரெண்டு பேருமா உட்கார்ந்து பிரஷ்ஷால ஒவ்வொரு பொட்டா எடுத்தோம். ஏழுமலை டேபிள் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொருத்தரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், அவனுக்கு அதுல சம்மதம் இல்ல. மை தான் சீக்கிரத்துல போகல. பெரியவரைத் தவிர எல்லாரும் இரவலுக்குத் தேறிட்டாங்க. அவரைக் கூட்டிக்கிட்டுப் போனா எங்க ஊர்ல என்னைத் துரத்திடுவாங்கன்னு அந்த அம்மா சொல்லிட்டுப் போனாங்க.

ஏழுமலை விஷயம் என்ன ஆச்சுன்னு தானே பார்க்கறீங்க? அனுப்பணும்னா சார் அறக்கட்டளைக் கூட்டத்துல காரணம் சொல்லணும். காரணத்தைக் கிளறினா புளி வெளியே வரும். தீபாவளிக்கு முன்னாடி சத்தமில்லாம கையெழுத்து விழுந்துச்சு. ஏழுமலை எனக்கு வஞ்சிரம் கொண்டு வந்தான், சாருக்கும் ஒரு பெரிய துண்டு கொண்டு வந்தான். சார் சுத்த சைவம். அது ஏழுமலைக்குத் தெரியும்.

இதுல எனக்குப் பெரிய சாமர்த்தியம் இருந்ததா நெனைக்காதீங்க. பயந்து நடுங்கிக்கிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். உங்களுக்கும் ஒரு நாள் வரும். பின்னாடி நின்னு யாராவது "சீக்கிரம், சீக்கிரம்"னு அவசரப்படுத்துவாங்க. அப்ப உங்க கையில துணி இருந்தா கீழே போட்டுடுங்க.

அடுத்த ஆயுத பூஜைக்குள்ள கண்காட்சி முடிஞ்சு எல்லாரும் பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்க. திரும்பவும் அலமாரிக்குள்ள வரிசையா வெச்சோம். நடுவுல ஜொலிச்சுக்கிட்டு பெரியவர். ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோட மாடி ஏறி வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். பொட்டு பதக்கத்துல படக்கூடாது, வேணும்னா வெளியே அலமாரிக் கண்ணாடியில வெச்சுக்கோன்னேன். நிதானமா ஒரே ஒரு பொட்டு வெச்சான், சரியா பெரியவர் முகத்துக்கு நேரா, காதுக்கு மேல.

"மத்தவங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

கிண்ணத்தை மூடிக்கிட்டே சொன்னான், "அவங்கல்லாம் ஃபாரின் போய்ட்டு வந்து இன்னும் குளிக்கல மேடம்."